நெஞ்சு வலிக்காமலே வரும் மாரடைப்பு

கண்புரை அறுவைக்குத் தேதி குறித்துவிட்டு, "எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்துடுங்க" என்று அனுப்புவார்கள். பத்துப் பதினைந்து வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர், மகனோடு ஆட்டோவில் போய் எடுத்துக்கொண்டு வருவார். தாளைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து, "ஐயா, உங்களுக்கு எப்ப அட்டாக் வந்துச்சு?" என்று கேட்பார். "அட்டாக்கா? எனக்கா? அப்படி எதுவும் வந்ததே இல்லையே டாக்டர்!" இதயத் தசையின் ஒரு பகுதி எப்போதோ செத்துப் போன தடயம் அந்தத் தாளில் இருக்கும். எந்த மாதம், எந்த இரவு என்பது அவருக்கும் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் பார்க்கும் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களின் இதயத்தை 1948 முதல் ஓர் ஆய்வு தொடர்ந்து கவனித்து வருகிறது. அதன் 30 ஆண்டுக் கணக்கு 1984-ல் வெளியானது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஈசிஜி எடுத்து வந்ததால்தான் அந்த உண்மை வெளிப்பட்டது: மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை, வந்த நேரத்தில் மாரடைப்பு என்று யாருக்கும் தெரியாமலே கடந்து போயிருந்தன. அப்படிக் கடந்து போனவற்றில் ஏறக்குறைய பாதிதான் எந்தத் தொந்தரவும் காட்டாமல் வந்தவை. மீதிப் பாதியில் ஏதோ ஒரு தொந்தரவு இருந்திருக்கிறது. நோயாளி அதை இதயத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை, மருத்துவரும் பார்க்கவில்லை. தெரியாமல் வந்த மாரடைப்பு என்பதால் பின்விளைவு குறைந்துவிடவும் இல்லை. தெரிந்து வந்ததைப் போலவே அதுவும் ஆயுளைக் குறைத்தது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

சர்க்கரை நோய் உள்ள எல்லோருக்கும் டிரெட்மில், ஸ்கேன் எடுத்துவிட்டால் மறைந்திருக்கும் இதய நோய் பிடிபட்டுவிடும், உயிர் தப்பிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. அந்த நம்பிக்கையைப் பெரிய ஆய்வுகள் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தன. கிடைத்த விடை நம் ஊர் மருத்துவமனை வரவேற்பறைகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

வலியை இழந்த நரம்பு

இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்றால், அந்தச் செய்தியை முதுகுத் தண்டின் மேல்பகுதி வழியாக மூளைக்குக் கொண்டு போவது தானியங்கி நரம்புகள். நெஞ்சு அழுத்தமும் இடது கையில் இறங்கும் வலியும் அந்த வழியாகத்தான் நமக்குத் தெரிகின்றன. பல ஆண்டு கட்டுப்பாடில்லாத சர்க்கரை, பாதத்தின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்வதைப் போலவே இந்த நரம்புகளையும் அரித்துவிடுகிறது. காலில் முள் குத்தியது தெரியாமல் நடப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இதயத்திலும் அதுவே நடக்கிறது என்பது மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை.

இந்த நரம்புச் சேதத்துக்கு வெளியே தெரியும் அடையாளங்கள் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். படுத்து எழுந்து நின்றால் கண் இருட்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கும். சாப்பிட்டது செரிக்காமல் வயிறு உப்பிக்கொண்டே இருக்கும். ஆண்களுக்குப் பாலியல் பலவீனம் வரும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டே பாதிப் பேர் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறியது என்பதால், அங்கே தெரியும் குறை இதயத்துக்கான முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். டாக்டர் தாமாகக் கேட்டால் ஒழிய இது வெளியே வராது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வலி இல்லாவிட்டால் வேறு எது வரும்? மூச்சு வாங்கும். முன்பு ஒரே மூச்சில் ஏறிய மாடிப்படியில் இப்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கும். காய்கறிப் பையோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடந்தால் போதும், அன்று முழுக்க அடித்துப்போட்ட அசதி. காரணமில்லாமல் குப்பென்று வியர்க்கும். தாடையிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ ஒரு பாரம். மேல் வயிற்றில் எரிச்சல்.

இந்தக் கடைசி ஒன்றுதான் நம் வீடுகளில் அதிக உயிர்களை ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். "வாயுப் பிடிப்பு", "கேஸ் ட்ரபிள்", "நேத்து சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கல." உடனே ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், மோரில் பெருங்காயம், மெடிக்கலில் ஒரு ஜெலுசில். ஏப்பம் வந்தால் மனசு ஆறிவிடும். ஏப்பம் வந்ததால் அது கேஸ்தான் என்று முடிவு கட்டக்கூடாது. இதயத்தின் கீழ்ச்சுவருக்கு ரத்தம் குறையும்போதும் குமட்டலும் மேல்வயிற்றுத் தொந்தரவும் வரும். குறிப்பாக ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று சுவரோரம் சாய்கிற அம்மாக்களை, "காலைலேர்ந்து வெறும் வயித்துல வேலை பார்த்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுகிறோம். மெனோபாஸுக்கு முன்பு பெண்களின் இதயத்துக்குக் கிடைக்கும் இயற்கையான பாதுகாப்பைச் சர்க்கரை நோய் பெரும்பாலும் பறித்துவிடுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இன்சுலின் போடுகிறவருக்கு வியர்த்துக் கொட்டினால் "லோ சுகர்" என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது வீட்டாருக்குப் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் குளுக்கோமீட்டரில் பார்க்கும்போது சர்க்கரை 180, 200 என்று இருந்தால் அந்த வியர்வைக்குக் காரணம் தாழ்சர்க்கரை அல்ல. அங்கேதான் இதயத்தை நினைக்க வேண்டும்.

நம் ஊரில் எவ்வளவு?

சென்னையில் 1990-களின் பிற்பாதியில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழு திருமங்கலம், தியாகராய நகர் ஆகிய இரண்டு இடங்களின் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று 1,262 பேரைப் பரிசோதித்தது. 2001-ல் வெளியான முடிவின்படி 100-க்கு 11 பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. சர்க்கரை சரியாக இருந்தவர்களில் அது 9.1 சதவீதம், சர்க்கரை நோய் இருந்தவர்களில் 21.4 சதவீதம். ஐந்தில் ஒருவருக்கும் மேல். அதன்பிறகு நாடு முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்கு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோடிக்கணக்கானவர்களின் இதயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது புரியும்.

1998-ல் ஃபின்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு மருத்துவ உலகத்தை உலுக்கியது. சர்க்கரை நோய் மட்டும் இருந்து ஒருமுறைகூட மாரடைப்பு வராதவர்களில் ஏழு ஆண்டுக்குள் 20 சதவீதத்தினருக்கு மாரடைப்பு வந்தது. சர்க்கரை இல்லாமல், ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்கு மறுபடி வந்ததும் ஏறக்குறைய அதே அளவு, 19 சதவீதம். சர்க்கரை நோய் என்றாலே ஒரு மாரடைப்பு வந்ததற்குச் சமம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. பிற்கால ஆய்வுகள் அதைக் கொஞ்சம் தணித்தன. சர்க்கரை வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து ஆளுக்கு ஆள் மாறும். என்றாலும் ஒரு கேள்வி இயல்பாகவே எழுந்தது. இவ்வளவு ஆபத்து இருக்கிறதென்றால், அறிகுறி வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே!

1,123 பேர் சொன்ன பதில்

அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிய ஆய்வின் பெயர் டயாட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 14 மையங்கள். தலைமை தாங்கியது யேல் பல்கலைக்கழகம். 50 முதல் 75 வயது வரையிலான, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள, நெஞ்சுத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,123 பேரை 2000 முதல் 2002 வரை சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இதயத்தின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அணுக்கதிர் ஸ்கேன் எடுத்தார்கள். நம் ஊரில் பொதுவாக "தாலியம் ஸ்கேன்" என்கிறோமே, அந்த வகை. மறு பாதிக்கு ஸ்கேன் இல்லை. அவரவர் மருத்துவரின் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது.

ஸ்கேன் எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்குக் கோளாறு தெரிந்தது. எந்தத் தொந்தரவும் சொல்லாத மனிதர்களில் ஐந்தில் ஒருவருக்கு! யாருக்குக் கோளாறு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்ததா? கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான கணக்குகள் அதில் உதவவில்லை. அப்போதிருந்த வழிகாட்டுதலின்படி இரண்டு ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் 41 சதவீதத்தினர் தப்பிப் போயிருப்பார்கள். கோளாறை அதிகம் முன்னறிவித்தது தானியங்கி நரம்புச் சேதம். மேலே சொன்ன அதே நரம்புதான்.

முக்கியமான முடிவு 2009-ல் வந்தது. சராசரியாக 4.8 ஆண்டு தொடர்ந்த பிறகு, ஸ்கேன் எடுத்த பிரிவில் மாரடைப்போ இதயத்தால் மரணமோ நேர்ந்தது 15 பேருக்கு. ஸ்கேன் எடுக்காத பிரிவில் 17 பேருக்கு. புள்ளிவிவரப்படி இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது முதல் ஸ்கேனுக்கு மூன்று ஆண்டு கழித்து எடுத்த இரண்டாவது ஸ்கேன். முதலில் கோளாறு தெரிந்தவர்களில் மறுபடி பரிசோதிக்கப்பட்டவர்களைப் பார்த்தால், 79 சதவீதத்தினரின் ஸ்கேனில் அந்தக் கோளாறு மறைந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் இரு பிரிவினருக்கும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின், ரத்த அழுத்த மாத்திரைகள் கூடியிருந்தன. ஒட்டுமொத்தமாகவே ஆண்டுக்கு 0.6 சதவீதம் பேருக்குத்தான் விபரீதம் நேர்ந்தது. ஆய்வைத் தொடங்கியவர்கள் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு. மாத்திரைகள் தம் வேலையைச் செய்திருந்தன.

கருவி பழையது, அதனால்தான் பலன் தெரியவில்லை என்று ஒரு வாதம் எழுந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 900 சர்க்கரை நோயாளிகளை வைத்து, இதயக் குழாயை நேரடியாகப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோவை அடுத்த ஆய்வு சோதித்தது. 2014-ல் முடிவு: நான்கு ஆண்டில் மரணம், மாரடைப்பு, அவசரமாக மருத்துவமனையில் சேரும் நெஞ்சுவலி மூன்றும் சேர்ந்து ஸ்கேன் எடுத்தவர்களில் 6.2 சதவீதம், எடுக்காதவர்களில் 7.6 சதவீதம். அந்தச் சிறு வேறுபாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை.

கண்டுபிடித்தும் ஏன் பலன் இல்லை?

"அடைப்பைக் கண்டுபிடித்தால் ஸ்டென்ட் வைத்துவிடலாமே, அது எப்படி உதவாமல் போகும்?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. பதில் மாரடைப்பு நிகழும் விதத்தில் இருக்கிறது. குழாய் மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு நாள் முற்றிலும் மூடிக்கொள்வதால்தான் மாரடைப்பு வருகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் சுவருக்குள் இருக்கும் மென்மையான கொழுப்புப் படிவம் கொப்புளம் போல உடைகிறது. அதன் மேல் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. உடைந்த இடம் அதற்கு முந்தைய நாள்வரை 40 சதவீத அடைப்பாக, டிரெட்மில் பரிசோதனையில்கூடச் சிக்காததாக இருந்திருக்கலாம். சர்க்கரை நோயாளியின் குழாய்களில் இப்படிப்பட்ட படிவங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளமாகப் பரவியிருக்கும். 80 சதவீத அடைப்பு உள்ள ஓரிடத்தில் வைக்கும் ஸ்டென்ட், மற்ற இருபது இடங்களைக் காக்காது. ஸ்டாட்டின் மாத்திரை அந்த எல்லா இடங்களிலும் படிவத்தை இறுக்கி, உடையாமல் செய்கிறது.

சர்க்கரை நோயும் நிலையான இதய நோயும் சேர்ந்தே இருந்த 2,368 பேரை வைத்து நடந்த பாரி 2டி ஆய்வு இதை 2009-ல் காட்டியது. உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் 88.3 சதவீதம். முழுமையான மருந்துச் சிகிச்சையில் தொடங்கியவர்களில் 87.8 சதவீதம். 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரோடு இன்னும் பெரிய அளவில் இதே முடிவுக்கு வந்தது.

விதிவிலக்குகளை மறைக்கக் கூடாது. இடப்பக்க முதன்மைத் தமனியில் கடுமையான அடைப்பு இருந்தால் நிலைமை வேறு; இஸ்கீமியா ஆய்விலேயே அப்படிப்பட்டவர்களைச் சி.டி. மூலம் கண்டறிந்து விலக்கிவிட்டார்கள். பல குழாய்களில் அடைப்பும் தொந்தரவும் உள்ள சர்க்கரை நோயாளிக்குச் சிகிச்சை தேவைப்படும்போது, ஸ்டென்டைவிடப் பைபாஸ் அதிக ஆயுளைத் தருகிறது என்பதை 1,900 பேரைக் கொண்ட ஃப்ரீடம் ஆய்வு 2012-ல் நிறுவியது. "நெஞ்சைத் திறக்காமல் முடிச்சிடலாம்" என்ற சொல்லில் மயங்குமுன் ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி அது.

டிரெட்மில் சொல்லும் பொய்

நவம்பர் 14 உலக நீரிழிவு தினம் வந்தால் ஊருக்கு ஊர் பேனர் எழும். சலுகை விலையில் "இதயப் பேக்கேஜ்". ஈசிஜி, எக்கோ, டிரெட்மில். ஒரு நாள், ஒரு விலை. சோதித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று தோன்றும்.

நஷ்டம் உண்டு. கணக்காகவே பார்க்கலாம். டிரெட்மில் பரிசோதனையைப் பற்றிய ஏறக்குறைய 150 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அடைப்பு உள்ள 100 பேரில் 68 பேரைத்தான் அது பிடிக்கிறது; அடைப்பு இல்லாத 100 பேரில் 77 பேரைத்தான் சரியாக விடுவிக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத 100 பேரை வரிசையில் நிறுத்துங்கள். அவர்களில் 10 பேருக்கு உண்மையில் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரெட்மில் 7 பேரைப் பிடிக்கும். 3 பேர் "நார்மல்" என்ற தாளோடு வீட்டுக்குப் போவார்கள். அடைப்பே இல்லாத 90 பேரில் 21 பேருக்கு "பாசிட்டிவ்" என்று வரும். பாசிட்டிவ் வந்த 28 பேரில் நான்கில் மூன்று பேருக்கு நோய் இல்லை.

அந்த 21 பேரும் அன்று இரவு தூங்க மாட்டார்கள். அவர்களில் பலர் ஆஞ்சியோ வரை போவார்கள். ஏற்கெனவே சர்க்கரையால் பலவீனப்பட்ட சிறுநீரகத்துக்கு ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் இன்னொரு சுமை. அங்கே 60 சதவீத அடைப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், "இப்பவே வச்சிடலாமா?" என்ற கேள்வி அறுவை அறையின் வாசலில் நிற்கும் மகனிடம் வரும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எந்த மகனுக்கு இருக்கும்? 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்து, மருந்து பூசிய ஸ்டென்டை 30,000 ரூபாய்க்குக் கீழே கொண்டுவந்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் தேவையில்லாமல் வைத்த ஸ்டென்ட் மலிவாகக் கிடைத்தாலும் தேவையில்லாததுதான்.

அந்த மூன்று பேரின் கதை இன்னும் மோசம். "டிரெட்மில் நார்மல், டாக்டரே சொல்லிட்டார்" என்ற தைரியத்தில் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சிகரெட்டை விடுவதாக இருந்தவர் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடுவார். மூட்டு வலியாலும் பாதப் புண்ணாலும் டிரெட்மில்லில் வேகம் கூட்ட முடியாமல் பாதியில் இறங்கியவரின் பரிசோதனை எதையும் நிரூபிக்கவில்லை என்பதையும் யாரும் அவருக்கு விளக்குவதில்லை. படுத்துக்கொண்டு எடுத்த ஈசிஜி சரியாக இருப்பது, குழாயில் அடைப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் இன்று தெளிவாகச் சொல்கிறது: ஆபத்துக் காரணிகளுக்குச் சரியான சிகிச்சை நடக்கிறவரை, தொந்தரவு இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாக இதய அடைப்புப் பரிசோதனை தேவையில்லை. "சரியான சிகிச்சை நடக்கிறவரை" என்ற நிபந்தனையில்தான் நம் நாட்டுப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது.

யாருக்குப் பரிசோதனை வேண்டும்?

மூச்சு வாங்குதல், புதிதாக வந்த அசதி, நடந்தால் வந்து நின்றால் போகும் எந்தத் தொந்தரவானாலும், அது தாடையில் இருந்தாலும் வயிற்றில் இருந்தாலும், அவரைத் தொந்தரவு இல்லாதவர் என்று வகைப்படுத்தக் கூடாது. அவருக்குப் பரிசோதனை கட்டாயம், தாமதமில்லாமல். ஈசிஜியில் பழைய மாரடைப்பின் தடயம் இருந்தால் வேண்டும். நடந்தால் கெண்டைக்காலில் பிடித்துக்கொள்கிறவர், பக்கவாதம் வந்தவர், கழுத்துத் தமனியில் அடைப்பு இருப்பதாகத் தெரிந்தவர், சிறுநீரக மாற்று போன்ற பெரிய அறுவைக்குத் தயாராகிறவர், இவர்களுக்கும் மருத்துவர் யோசித்துப் பரிசோதிப்பார். ஐம்பது வயதில் திடீரென மாரத்தான் ஓடக் கிளம்புகிறவரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடுவது நல்லது.

இடையில் நிற்பவர்கள் உண்டு. "ஸ்டாட்டின் வேண்டுமா, வேண்டாமா" என்று நோயாளியும் டாக்டரும் முடிவுக்கு வர முடியாதபோது, கால்சியம் ஸ்கோர் எனப்படும் எளிய சி.டி. பரிசோதனை உதவலாம். சாயம் தேவையில்லை, கதிர்வீச்சும் குறைவு. இதயக் குழாய்களில் படிந்த சுண்ணாம்பை அது எண்ணாகச் சொல்கிறது. 10,000-க்கும் அதிகமானோரைக் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், ஸ்கோர் பூஜ்யமாக இருந்த சர்க்கரை நோயாளிகளில் ஐந்து ஆண்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்கு அருகில் வந்துவிட்டார்கள். இந்த எண்ணை மருந்தின் அளவை முடிவு செய்யப் பயன்படுத்தலாம். ஸ்டென்ட் வைப்பதற்கான சீட்டாக அதை யாராவது நீட்டினால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

அடைப்பைப் போலவே சத்தமில்லாமல் வருவது இதயச் செயலிழப்பு. தசை பலவீனப்பட்டு, காலில் வீக்கம் வருமுன்பே ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவு கூடத் தொடங்கும். என்டி-ப்ரோபிஎன்பி என்ற அந்தப் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம் என்று நீரிழிவு வழிகாட்டுதல்கள் சில ஆண்டுகளாகச் சொல்கின்றன. கண்டுபிடித்தால் பயன்தரும் மருந்து கையில் இருப்பதால், இந்தத் தேடலுக்கு வலுவான நியாயம் இருக்கிறது.

உயிரைக் காப்பது எது?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து, 2004-ல் வெளியான கார்ட்ஸ் ஆய்வு. இதய நோய் இல்லாத 2,838 சர்க்கரை நோயாளிகள். கெட்ட கொழுப்பும் பலருக்கு அதிகமில்லை. பாதிப் பேருக்குத் தினம் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின். மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், திட்டமிட்டதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே ஆய்வை நிறுத்தினார்கள். எந்த ஸ்கேனும் எடுத்து ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்ற ஆய்வு. வெறும் 160 பேர்தான். எல்லோருக்கும் சிறுநீரில் சிறிதளவு புரதம் கசிந்தது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உணவு, நடை, புகைப்பழக்கத்தை விடுதல் எல்லாவற்றையும் ஒருசேரப் பிடித்துக் கவனித்தார்கள். சராசரியாக எட்டு ஆண்டு. இதய பாதிப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. சிகிச்சை ஆய்வு முடிந்த பிறகும் அவர்களைத் தொடர்ந்தபோது, ஆய்வு தொடங்கி 21 ஆண்டு கழித்து, தீவிரச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இதய நோயை வராமல் தடுக்கும் மருத்துவத்தில் இதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரிந்து இல்லை.

2015-க்குப் பிறகு சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரைகள் சேர்ந்துகொண்டன. ஏற்கெனவே இதய நோய் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசின் இதய மரணத்தை 38 சதவீதம் குறைத்தது. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, உள்நாட்டு நிறுவனங்கள் இறங்கிய பிறகு விலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. இனி இது வசதியானவர்களுக்கு மட்டுமான மருந்து அல்ல.

ஆஸ்பிரின் பற்றி ஓர் எச்சரிக்கை. "ரத்தம் உறையாம இருக்க" என்று தாமாகவே வாங்கிப் போடுகிறவர்கள் பலர். இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வில் (2018) பெரிய ரத்தக்குழாய் பாதிப்புகள் 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. ஆனால் கடுமையான ரத்தக்கசிவு 3.2-லிருந்து 4.1 ஆகக் கூடியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டது. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

வாசலுக்கு வரும் மருத்துவம் கேட்க வேண்டியது

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கிராமத்தில் கேட்டால் சொல்வார்கள். உலக நாடுகளின் கவனத்தைப் பெற்ற திட்டம். அதனால்தான் அதனிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் முன் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. போன மாதம் நடந்த தூரம் இப்போது நடக்க முடிகிறதா? மாடி ஏறினால், தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறதா? நடக்கும்போது வந்து உட்கார்ந்தால் போகும் எரிச்சல், இறுக்கம் ஏதாவது? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? காலில் உணர்ச்சி இருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜியும் மருத்துவரின் பார்வையும் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் அது மலிவான முன்னறிவிப்பு. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளியின் மருந்துப் பையில் மெட்ஃபார்மினோடு ஸ்டாட்டினும் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை ஒவ்வொரு சுகாதார நிலையமும் கணக்கெடுக்க வேண்டும். இன்று நாம் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று எண்ணுகிறோம். எத்தனை பேருக்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றும் இலக்குக்குள் வந்தன என்று எண்ணத் தொடங்கினால், ஸ்டெனோவில் கிடைத்த அந்த எட்டு ஆண்டை நம் மக்களுக்கும் கொடுக்க முடியும்.

தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்கள் அடுத்த முறை போகும்போது, "எனக்கு ஸ்கேன் வேணுமா டாக்டர்?" என்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். என் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்கிறதா? பிரஷர் 130/80-க்குக் கீழே நிற்கிறதா? மூன்று மாதச் சர்க்கரை என்ன? சிறுநீரில் புரதம் போகிறதா? படிக்கட்டில் நிற்க வேண்டியிருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். "வயசாயிடுச்சு, அதனாலதான்" என்று நீங்களே விடை எழுதிக்கொள்ளாதீர்கள்.

இரவில் காரணமில்லாமல் வியர்த்து, மூச்சு முட்டி, குமட்டி, குளுக்கோமீட்டரில் சர்க்கரையும் குறையவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளான ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் இருப்பு வைக்கப்பட்டிருக்கின்றன. நெஞ்சு வலிக்கவில்லையே என்று தயங்காமல், அங்கே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "எனக்கு சுகர் இருக்கு, ஈசிஜி எடுங்க."